அழுத்தமின் பொருட்கள்

அழுத்தமின் பொருட்கள் என்பவை அழுத்தும்போதோ வளைக்கும்போதோ தம் பரப்பில் மின்னூட்டத்தைத் தோற்றுவிக்கும் பொருட்கள் ஆகும். இவற்றுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் மிகச் சிறிதளவு நீளும் அல்லது சுருங்கும். இது எதிர் அழுத்தமின் விளைவு எனப்படும். கேஸ் அடுப்பு லைட்டர்கள் பலவற்றில் தீப்பொறி எழுவது அழுத்தமின் விளைவினால்தான்.

செயல்படும் விதம்

சமச்சீர் மையம் இல்லாத படிகங்களில் மட்டுமே இவ்விளைவு தோன்றும். அத்தகைய படிகத்தை அழுத்தும்போது நேர் மின்னூட்ட மையமும் எதிர் மின்னூட்ட மையமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. சமையல் உப்பின் படிகம் சமச்சீர் மையம் உடையது. எனவே அதில் இவ்விளைவு இல்லை.

வரலாறு

1880இல் பிரான்சில் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் குவார்ட்சு உள்ளிட்ட படிகங்களில் இதைக் கண்டறிந்தனர். எதிர் விளைவு உண்டென 1881இல் காபிரியேல் லிப்மன் கணித்துக் கூறினார். கியூரி சகோதரர்கள் அதைச் சோதனையில் உறுதிசெய்தனர். முதல் உலகப்போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களை மீயொலியால் கண்டறிய பால் லாஞ்செவன் குவார்ட்சைப் பயன்படுத்தினார். 1940களில் பேரியம் டைட்டனேட்டும், 1950களில் ஈய சிர்க்கோனேட்டு டைட்டனேட்டும் வந்தன.

ஈயச் சிக்கல்

ஈய சிர்க்கோனேட்டு டைட்டனேட்டு குவார்ட்சைவிட நூறு மடங்குக்கும் மேல் மின்னூட்டம் தரக்கூடியது. ஆனால் அதன் எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. மின்னணுக் கருவிகளில் ஈயத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் கட்டுப்படுத்தியது. ஆயினும் முழுமையான மாற்று இல்லாததால் அழுத்தமின் பீங்கான்களுக்கு விலக்கு அளித்தது. ஈயமற்ற பேரியம் டைட்டனேட்டு சுமார் 120 பாகை செல்சியசில் தன் பண்பை இழந்துவிடும். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பொட்டாசியம் சோடியம் நையோபேட்டு அடிப்படையில் நல்ல செயல்திறன் கொண்ட ஈயமற்ற பீங்கானை உருவாக்கிக் காட்டியது, இத்துறை ஆய்வுகளுக்கு ஊக்கமளித்தது.

ஆற்றல் அறுவடை

நடை, இயந்திர அதிர்வு போன்ற வீணாகும் அசைவுகளிலிருந்து மின்சாரம் பெறுவது ஆற்றல் அறுவடை ஆகும். 2006இல் சோங் லின் வாங் குழுவினர் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகளை வளைத்து மின்சாரம் பெற்றனர். அசையாமல் வைத்த பாரம் தொடர்ந்து மின்சாரம் தராது. அழுத்தம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சிறு கருவிகளில் கிடைக்கும் திறன் பெரும்பாலும் மைக்ரோவாட்டு முதல் மில்லிவாட்டு வரையே. அது வீட்டு விளக்கை எரிக்கப் போதாது. எனினும் பாலத்திலோ இயந்திரத்திலோ பொருத்திய சிறு உணரி, மின்கலம் மாற்றாமல் விட்டுவிட்டுத் தகவல் அனுப்ப அது போதுமானதாகும்.