கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதானா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.எஸ்சி. கணிதத்தில் சேரப்போகிறேன் என்றால், "அப்புறம் பி.எட். முடிச்சுட்டு டீச்சர் வேலைதானே?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் கணிதம் எங்கெல்லாம் சோறு போடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. காப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். பல்லாயிரம் பேரிடம் பிரீமியம் வாங்கும் நிறுவனம், இழப்பீடு கேட்டு எதிர்பாராத கூட்டம் வந்தாலும் திவாலாகாமல் இருக்க எவ்வளவு பணம் கையிருப்பில் வைக்க வேண்டும்? இத்தகைய கேள்விகளில் ஈடுபட்டிருந்த ஸ்வீடன் கணிதவியலாளர் ஹரால்ட் கிராமர், மிக அரிதான நிகழ்வுகளின் நிகழ்தகவை மதிப்பிடும் தேற்றம் ஒன்றை 1938இல் வெளியிட்டார். பின்னாளில் அதை விரிந்த கோட்பாடாக வளர்த்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன். 2007இல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது.

பிரீமியத்தையும் கையிருப்பையும் கணித்துச் சொல்பவருக்கு ஆக்சுவரி என்று பெயர். பல தாள்கள் கொண்ட தேர்வுகளைச் சில ஆண்டுகள் விடாமல் எழுதித் தேற வேண்டிய தொழில் அது. அதன் உயிர்நாடி கூட்டல் கழித்தல் அன்று. ஒருவர் வண்டி விபத்துக்குள்ளானால் அதனால் அடுத்தவர் வண்டிக்கான அபாயம் மாறாது என்ற அனுமானத்தின் மேல்தான் எளிய காப்பீட்டுக் கணக்கு நிற்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, ஒரு தெருவில் நின்ற வண்டிகளெல்லாம் ஒரே இரவில் மூழ்கின. அங்கே அந்த அனுமானம் உடைந்துவிடுகிறது. எந்தத் தேற்றம் எந்த நிபந்தனையில் செல்லும், நிபந்தனை தவறினால் என்ன ஆகும் என்று கேட்கும் பழக்கம் கணிதப் பட்டப்படிப்பின் ரியல் அனாலிசிஸ் வகுப்பில் எப்சிலான் நிரூபணங்களோடு மல்லுக்கட்டும்போது வருவது. வங்கியில் கடன் அபாயத்தை அளப்பவருக்கும், புதிய மருந்தின் சோதனை முடிவுகளை ஆராய்பவருக்கும், தரவு அறிவியலில் இருப்பவருக்கும் அந்தப் பழக்கம்தான் முதல்.

இதையெல்லாம் இனி செயற்கை நுண்ணறிவே செய்துவிடாதா என்று கேட்கலாம். கணக்குப் போடுவதை இயந்திரம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. நிரூபணம் எழுதவும் பழகிவருகிறது. ஆனாலும் வெள்ளமே வராத பத்தாண்டுத் தரவை மட்டும் கொடுத்தால், அதிலிருந்து வரும் விடை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நம்பத்தக்கதன்று. அந்த விடையை எங்கே சந்தேகிக்க வேண்டும் என்று அறிந்தவர், இயந்திரம் வளர வளர இன்னும் அதிகமாகத் தேவைப்படுவார் என்றே நான் கருதுகிறேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம் போன்ற இடங்களில் படிப்பவர்களுக்கு இது பொருந்தும், மாவட்டக் கலைக் கல்லூரி மாணவிக்குப் பொருந்துமா? வாய்ப்புகள் சமமாக இல்லை என்பது உண்மை. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆனால் அடிப்படைத் தேற்றங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றே. வேறுபடுவது படிக்கும் முறை. பழைய வினாத்தாள்களை வைத்து நிரூபணத்தை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், மேலே சொன்ன பழக்கம் வராது. ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை நீக்கிவிட்டு, அது எங்கே பொய்க்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டைத் தேடிப் பார்க்கலாம். அதற்குப் பணம் தேவையில்லை. கூடவே புள்ளியியலும் பைத்தான் நிரல்மொழியும் கற்றுக்கொண்டால் வேலைக்கான கதவு ஒன்று திறக்கும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வையும் எந்தக் கல்லூரியில் படித்தவரும் எழுதலாம். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் பி.எட். முடித்து ஆசிரியராகத்தான் போவேன் என்றால், அதை வேறு வழியில்லாமல் போன வேலை என்று யாரும் சொல்லக் கூடாது. பின்னத்தை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஆறாம் வகுப்புக்கு விளக்கத் தெரிந்தவர்கள் நம் பள்ளிகளுக்கு நிறையப் பேர் வேண்டும்.