'இருந்தாலும்' என்ற சொல்

'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.' பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். கறுப்பு ஒரு குறை, களை அதை ஈடுகட்டுகிறது என்ற தீர்ப்பு 'இருந்தாலும்' என்பதற்குள் ஒளிந்திருக்கிறது. திருப்பிப் போட்டு, 'சிவப்பா இருந்தாலும் களை இல்ல' என்றாலும் தராசு மாறுவதில்லை; அங்கே சிவப்பு, கையில் இருந்தும் பலன் தராத முதல். தாழ்த்தும் நோக்கமே இல்லாமல் தாழ்த்திவிடும் இந்த எண்ணத்தை நனவிலித் தப்பெண்ணம் எனலாம்.

இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுக்கிறார்கள். பேச்சில் 'நல்ல கலர்' என்றால் அது ஒரே நிறத்தைத்தான் குறிக்கும். வரன் விளம்பரத்தில் கறுப்பு என்று எழுதக் கூசி 'மாநிறம்' என்கிறார்கள். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, 2020-இல் கண்டனங்களுக்குப் பிறகு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர்ப்பலகைதான் மாறியது. கார்வண்ணனைக் கும்பிடும் வீட்டிலேதான் இத்தனையும் நடக்கிறது என்பது வேடிக்கை.

குழந்தை இதை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது என்பதை அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி பொம்மைகளை வைத்துக் காட்டினார்கள். 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள். நிறத்தைத் தவிர மற்றபடி ஒரே மாதிரியான பொம்மைகள். 'எதோடு விளையாடுவாய்?' என்றதும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 'பார்க்க மோசமானது எது?' என்றபோது பாதிக்கு மேல் பழுப்பு நிறப் பொம்மைக்குக் கை நீண்டது. கடைசிக் கேள்வி, 'உன்னை மாதிரி இருப்பது எது?' அதைக் கேட்டு அழுத குழந்தைகளும் உண்டு. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் இருக்கிறது.

பெரியவர்கள் பதிலை யோசித்துச் சொல்வார்கள். அதனால் அந்தோனி கிரீன்வால்டும் செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜியும் சக ஆய்வாளர்களும் வேறு வழி கண்டார்கள்: முகங்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் கணினியில் ஜோடி சேர்க்கும் வேகத்தை அளப்பது. மனத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஜோடிக்கு விரல் முந்தும். ஒட்டாததற்கு நொடியில் ஒரு துளி தயங்கும். ஒரே ஆளுக்கு இரண்டு நாளில் இரண்டு மதிப்பெண் வருவதால், தனிமனிதரை எடைபோட இது உதவாது என்ற விமர்சனம் நியாயமானதே.

நிறத்தில் மட்டுமல்ல, சாதியிலும் இந்தத் தப்பெண்ணம் உண்டு; அது தாழ்த்தப்படுபவரின் கையையும் தடுக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆய்வாளர்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி தெரியாதவரை உயர்சாதி, ஒடுக்கப்பட்ட சாதி என்ற இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேறு சில குழுக்களில், ஆறு பேர் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி வாசிக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. யாரும் யாரையும் திட்டவில்லை. புதிரும் அதே புதிர்தான்.