செல்சியசும் பரனைற்றும்: வயல்வேலை செய்வோர் அறியவேண்டிய வெப்பக் கணக்கு

வரிப்பத்தான்சேனை, இறக்காமம் முதலிய ஊர்களிற் சிறுபோகச் செய்கை நடைபெறுங் காலத்திலேயே கச்சான் காற்றும் வீசுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்குச் சரிவால் இறங்கி வருகையில் உலர்ந்து சூடேறுகின்றது. அதுவே நம் வட்டைகளில் வரம்புப் புல்லையுங் கருக்குகின்ற கச்சான் ஆகும். அதன் கொடுமையைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், அவ்வெப்பத்தை எண்ணால் அளந்து, எந்த அளவிற் பயிருக்குக் கேடு, எந்த அளவில் உயிருக்குக் கேடு என அறிந்து நடப்போர் சிலரே. அதனை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

இருவகை அளவுகள்

வெப்பநிலையை அளப்பதற்கு இரண்டு அளவுத்திட்டங்கள் வழக்கில் உள்ளன. ஒன்று பரனைற்று என்னும் அறிஞர் 1724 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்படி பனிக்கட்டி உருகுவது 32 பாகையில். நீர் கொதிப்பது 212 பாகையில். மற்றையது சுவீடன் நாட்டு வானியல் அறிஞர் செல்சியசு 1742 ஆம் ஆண்டில் வகுத்தது. அவர் முதலில் நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும், உறையும் நிலைக்கு 100 என்றும் தலைகீழாகவே குறித்தார். 1744 இல் அவர் காலமான பின்னரே, உறைவது 0, கொதிப்பது 100 என்று இன்றுள்ளவாறு வழங்கலாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டிற் பரனைற்று அளவே வழங்கியது. இன்று வளிமண்டலவியல் திணைக்களம் செல்சியசிலேயே வெப்பநிலையை அறிவிக்கின்றது. எனினும், காய்ச்சலை “நூற்றிரண்டு”, “நூற்றிநாலு” என்று சொல்லும் வழக்கம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. இக்காலத்து இலக்க வெப்பமானிகள் சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் ஓர் அளவு மற்றையதாக மாறிவிடுகின்றது.

ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது. பிள்ளையின் காய்ச்சலை அளந்த கருவி 40 எனக் காட்டுமாயின், பழைய அளவிற் பழகிய மூத்தோர், “நூறுகூட இல்லையே” என ஆறுதலடைதல் கூடும். உண்மையில் அது 104 பாகை பரனைற்று. காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடவேண்டிய நிலை. அளவின் பெயரைக் கூறாது எண்ணை மட்டுங் கூறுவது, மரைக்காலா அவணமா என்று சொல்லாமல் நெல்லின் கணக்கைச் சொல்வதை ஒக்கும்.

மாற்றுதற்கு எளிய வழி

செல்சியசைப் பரனைற்றாக மாற்றுவதற்குக் கடதாசியும் பேனாவும் வேண்டியதில்லை. எண்ணை இரட்டியுங்கள், வந்த தொகையிற் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், மிகுதியுடன் 32 ஐக் கூட்டுங்கள்.

உதாரணம்: 35 பாகை செல்சியசு. இரட்டித்தால் 70. பத்தில் ஒரு பங்காகிய 7 ஐக் கழித்தால் 63. அதனுடன் 32 ஐக் கூட்டினால் 95 பாகை பரனைற்று.

பரனைற்றைச் செல்சியசாக்குவதற்கு 32 ஐக் கழித்து, 5 ஆற் பெருக்கி, 9 ஆல் வகுக்க வேண்டும். 104 இலிருந்து 32 ஐக் கழித்தால் 72. 5 ஆற் பெருக்கினால் 360. 9 ஆல் வகுத்தால் 40.

ஒன்றை மறவாதீர்கள். “நாளை வெப்பநிலை 2 பாகை செல்சியசு உயரும்” என்னும் அறிவித்தல் உயர்வின் அளவையே கூறுவது. அங்கே 32 ஐக் கூட்டலாகாது. இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தாற் போதும்: உயர்வு 3.6 பாகை பரனைற்று.

சுவரில் ஒட்டிவைக்கத்தக்க அட்டவணை (செல்சியசு – பரனைற்று)

25 – 77
30 – 86
32 – 89.6
35 – 95
37 – 98.6
38 – 100.4
39 – 102.2
40 – 104
41 – 105.8

நெல்லுக்கு ஆகாத வெப்பம்

நெற்பயிர் வெயிலை விரும்புவதே. ஆயினும் பூக்கும் வேளையில் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நெற்பூ முற்பகலிலேயே விரிகின்றது. அவ்வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு, அதாவது 95 பாகை பரனைற்றுக்கு, மேற்பட்டு ஒரு மணித்தியாலம் நீடிப்பினும் மகரந்தம் பழுதடைந்து, கதிரிற் பதர் மிகலாம். பசளையும் களைநாசினியும் குறைவின்றி இட்ட வயலிலே கதிர் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு வியப்போர் இக்காரணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குடலைப் பருவந் தொடங்கிப் பூத்து முடியும் வரை வயலில் நீரை வற்றவிடாதீர்கள். நீர் ஆவியாகுங்கால் பயிரைச் சூழ்ந்த காற்றுங் குளிர்கின்றது. கடும் வெப்ப நாட்களிற் பூக்கும்படி நேராதவாறு, விதைக்கும் நாளையும் நெல்லினத்தின் வயதையும் உங்கள் விவசாயப் போதனாசிரியருடன் கலந்து தீர்மானியுங்கள்.

விதைநெல்லை உலர்த்துவோருக்கும் ஓர் எண் உண்டு. நெல்மணியின் சூடு 43 பாகை செல்சியசுக்கு, ஏறக்குறைய 110 பாகை பரனைற்றுக்கு, மேற்படலாகாது. மேற்பட்டால் முளைதிறன் குன்றும். ஆகவே நடுப்பகலில் தார்வீதியில் விதைநெல்லைப் பரப்புதல் தகாது.

மனிதருக்கு ஆகாத வெப்பம்

நம் உடலின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியசு, அதாவது 98.6 பாகை பரனைற்று. வேலை செய்யும் உடல் தானே சூட்டை உண்டாக்குகின்றது. வியர்வை உலரும்போது அச்சூடு வெளியேறுகின்றது. மண்முட்டியில் வைத்த நீர் குளிர்வதும் இவ்வாறே. காற்று உலர்ந்திருந்தால் முட்டி நீர் நன்கு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் குளிராது. நம் உடலும் அத்தகையதே.

எனவே வெப்பமானியின் எண் மட்டும் போதாது. 35 பாகை செல்சியசில், காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 40 ஆயின் உடலுக்கு ஏறக்குறைய 37 பாகை போலத் தோன்றும். ஈரப்பதன் 60 ஆயின் ஏறக்குறைய 45 பாகை, அதாவது 113 பாகை பரனைற்று, போலத் தோன்றும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று அறிவிப்பது இத்தகைய கணக்கையே. இவை யாவும் நிழலில் உள்ள அளவுகள். நேர்வெயிலில் நிற்போருக்குத் தாக்கம் இன்னும் அதிகம். கச்சான் வீசும் நாட்களில் வேறோர் ஏமாற்றமும் உண்டு: வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், உடல் நீரிழப்பது நமக்குத் தெரிவதில்லை.

2015 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவில், பெரும்பாலும் ஆந்திரப் பிரதேசத்திலும் தெலுங்கானாவிலும், 2,000 பேருக்கும் மேற்பட்டோர் கடும் வெப்பத்தால் மாண்டனர். வெயிலில் உழைக்கும் கூலியாட்களும் முதியோரும் அவர்களுட் பலராவர். வெயில் பழகியவர்க்கு வெயிலால் ஆபத்தில்லை என்று எண்ணுவது எத்துணைத் தவறு என்பதற்கு இதுவே சான்று.

அறிகுறியும் முதலுதவியும்

தலையிடி, தலைச்சுற்று, தசைப்பிடிப்பு, வாந்தி என்பன முதல் எச்சரிக்கைகள். அந்நிலையில் வேலையை நிறுத்தி, நிழலில் இருந்து, நீரோ ஜீவனிக் கரைசலோ சிறிது சிறிதாக அருந்தவேண்டும்.

ஒருவர் தடுமாறி நடந்தாலும், பொருந்தாத சொற்களைப் பேசினாலும், மயங்கி வீழ்ந்தாலும், அவருடைய உடல் வெப்பம் 40 பாகை செல்சியசை, அதாவது 104 பாகை பரனைற்றை, எட்டியிருத்தல் கூடும். வியர்வை நின்றிருந்தாலும் நில்லாதிருந்தாலும் இது உயிராபத்தே. அப்பொழுது செய்யவேண்டியவை:

1. உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சு வண்டியை வரவழையுங்கள்.

2. வண்டி வருமளவும் காத்திராது அவரை நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள். உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிறுங்கள். வாய்க்கால் நீராயினும் தாழ்வில்லை.

3. நினைவு தெளியாதவருக்கு வாயால் எதனையும் ஊட்டாதீர்கள்; புரைக்கேறி மூச்சடைக்கலாம்.

4. காய்ச்சல் குளிசை இச்சூட்டைத் தணிக்காது. அதனை நம்பிக் காலங்கழிக்காதீர்கள்.

வருமுன் காத்தல்

கடுமையான வேலைகளைச் சுபஹ் தொழுகைக்குப் பின் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சியதை அஸருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். தாகம் எடுக்குமட்டும் பாராது அடிக்கடி நீர் அருந்துங்கள். நோன்பு நாட்களிற் பகலில் நீரருந்த இயலாதாகையால், வேலை நேரத்தைக் குறைத்து, இரவில் நிறைய நீர் அருந்துதல் நன்று. உயிருக்கு ஆபத்து நேருமிடத்து நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதையும் அறிவீர்கள். தனியாக வயலுக்குச் செல்வோர் எந்த வட்டைக்குச் செல்கின்றோம் என்பதை வீட்டாரிடஞ் சொல்லிச் செல்லுங்கள். கூலிக்கு ஆள் வைப்போர் வாடியிலே நிழலும் குடிநீரும் இருக்கச் செய்வது கடமையாகும்.

மூன்று எண்களை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். பூக்கும் நெல்லுக்கு எல்லை 35, பரனைற்றில் 95. உடலின் இயல்பு 37, பரனைற்றில் 98.6. உடல் வெப்பத்தில் உயிராபத்து 40, பரனைற்றில் 104. எண்ணைச் சொல்லும்போதெல்லாம் அளவின் பெயரையுஞ் சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.