அளந்து வைக்கும் அடிகள்

ஊன்றுகோலுடன் வகுப்பறைக்கு வரும் மாணவியைக் கண்டால், விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்றே பலர் எண்ணுவர். ஆனால், நெடுநாள் நோயினாலும் அந்நிலை ஏற்படலாம். அத்தகைய நோய்களுள் ஒன்று லூபஸ்.

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் கிருமிகளை அழித்து நம்மைக் காக்கிறது. லூபஸ் நோய் கண்டவருக்கோ அதே ஆற்றல் தோல், மூட்டு, சிறுநீரகம் முதலிய உறுப்புகளையே தாக்குகிறது. பதின்ம வயதிலும் வரக்கூடிய இந்நோய் பெண்களையே மிகுதியாகப் பாதிக்கிறது. இதனைக் கட்டுப்படுத்தப் பலருக்கு ஸ்டீராய்டு மருந்து தரப்படுகிறது. இம்மருந்தை அதிக அளவில் நெடுநாள் உட்கொள்ளும்போது, சிலருக்குத் தொடை எலும்பின் பந்து போன்ற மேல்நுனிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. இரத்தம் கிடைக்காத எலும்பு மெல்ல மெல்ல மடிந்து நொறுங்குகிறது. பாதிப்பு முற்றிய நிலையில், பழுதடைந்த மூட்டை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்த நேரிடுகிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியைப் பெரும்பாலும் எழுந்து நிற்கச் செய்வர். முதலில் நடைச்சட்டம், பின்னர் ஊன்றுகோல் எனப் பயிற்சி தொடரும். முதல் சில வாரங்களுக்கு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குதல், கால்மேல் கால் போடுதல், சம்மணமிடுதல், குந்துதல் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு பலருக்கு அறிவுறுத்தப்படும். இல்லையேல், புதிய மூட்டு நழுவக்கூடும்.

இவற்றோடு லூபஸ் நோயையும் கவனிக்க வேண்டும். கால் வலுப்பெற நாள்தோறும் பயிற்சி தேவை. நோய் தரும் களைப்போ ஓய்வைக் கேட்கும். மருந்துகளால் புண் ஆறத் தாமதமாகலாம். கிருமித்தொற்றும் எளிதில் ஏற்படலாம். அதற்கு அஞ்சி ஸ்டீராய்டைத் தாமாகவே திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஏனெனில், நெடுநாள் அம்மருந்தை உட்கொண்டவரின் உடல், தனக்கு வேண்டிய அதே வகைச் சுரப்பைப் போதிய அளவு உருவாக்குவதில்லை. எனவே, மருந்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புண் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

இந்நிலையில், உடல் வலிமையைக் கைச்செலவுப் பணம்போல் அளந்து செலவிடுவதே அறிவுடைமை. நலமாக இருக்கும் நாளில் மிகுதியாக நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கிடப்பதைவிட, நாள்தோறும் சிறிது தூரம் நடப்பதே பயன் தரும்.

பள்ளியும் இதற்குத் துணைநிற்கலாம். தரைத்தளத்தில் வகுப்பறை, உயரமான நாற்காலி, இருக்கை வகைக் கழிப்பறை, கடும் வெயிலில் நடைபெறும் சபைக்கூடலிலிருந்து விலக்கு ஆகியவை சிறிய ஏற்பாடுகளே. வெயில் லூபஸ் நோயைத் தூண்டக்கூடும் என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். மலேசியாவில், 2011ஆம் ஆண்டு முதல் குறிப்பிட்ட சில அரசு மருத்துவமனைகளில் கல்வி அமைச்சின் ஆசிரியர்கள் சிகிச்சை பெறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகின்றனர். இதனால், மருத்துவமனையில் தங்கும் நாள்களிலும் அவர்களின் கல்வி தொடர்கிறது.

நண்பர்களின் புரிந்துணர்வும் இன்றியமையாதது. நேற்று நடந்து வந்த மாணவி இன்று நாற்காலியை விட்டு எழாமல் இருக்கலாம். அது நடிப்பன்று, சோம்பலுமன்று. லூபஸ் நோயின் கடுமை நாளுக்கு நாள் மாறக்கூடியது. "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்பதைவிட, "புத்தகப் பையை நான் தூக்கட்டுமா?" என்று கேட்பதே அவளுக்கு உதவும்.