கடலைத் தேடிப் போன பாலம்

லண்டனிலிருந்து ரயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சவுத்எண்ட். ஏப்ரல் வெயிலைக் கண்டதும் வாளியும் மண்வெட்டியுமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் கிளம்பிவிடும் கடற்கரை ஊர் இது. ஆனால் போய் இறங்கினால் கடலைக் காணோம்! கண்ணுக்கெட்டிய தூரம் வரை பளபளக்கும் சேறு. அங்கங்கே சாய்ந்து கிடக்கும் படகுகள்.

தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. தரை மிகவும் தட்டை. அதனால் நீர் வற்றும்போது கடல் ஒரு மைலுக்கு மேல் பின்வாங்கிவிடும். பயணிகளை ஏற்றிவரும் படகுகள் அப்போது கரையை அண்ட முடியாது. என்ன செய்தார்கள்? படகு வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று கடலுக்குள் பாலம் கட்டினார்கள். 1830இல் மரப்பாலம், 1889இல் அதற்குப் பதிலாக இரும்புத் தூண்களின் மேல் புதியது. இன்று அதன் நீளம் 2 கிலோமீட்டருக்கும் அதிகம். உலகிலேயே நீளமான உல்லாசக் கடற்பாலம் இதுதான்.

பாலத்தின் மேல் குட்டி ரயிலும் ஓடுகிறது. ஆனாலும் போகும்போது நடந்து போவதுதான் அழகு. பலகை இடுக்கு வழியே குனிந்து பார்த்தால் முதலில் சேறு, பிறகு சிற்றலை, அப்புறம் நிஜமான கடல்! வசந்தம் என்றாலும் வாடை உறைக்கும். கம்பளிச் சட்டை அவசியம். திரும்பிக் கரைக்கு வந்ததும் உப்பும் வினிகரும் தெளித்த சூடான உருளைக்கிழங்கு வறுவல். பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், தலைக்கு மேலேயே கடற்காகங்கள் வட்டமிடும்!