செரண்டா மழையும் கம்போங் குவாந்தான் மின்மினியும்

சிலாங்கூர் மாநிலத்துச் செரண்டா மலைச்சரிவில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேர்கிறது? ஓடையில் இறங்கி, செரண்டா ஆறாகி, சிலாங்கூர் ஆற்றில் கலந்து, பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, கம்போங் குவாந்தான் கரையோரத்து பெரெம்பாங் மரங்களின் வேரை நனைத்துவிட்டு, கோல சிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. பிரேசர் மலைப் பக்கம் பிறக்கும் சிலாங்கூர் ஆற்றின் நீளம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்றுப் படுகையிலிருந்துதான் வருகிறது.

கம்போங் குவாந்தானுக்கு இரவில் படகேறிப் போகாத தோட்டக் குடும்பம் குறைவு. கரையோர மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணைவதைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ‘தெரோப்தீக்ஸ் தெனெர்’ என்பது அந்தப் பூச்சியின் அறிவியல் பெயர். மரத்தில் எரிவது அதன் வாழ்க்கையின் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே. அதற்கு முந்தைய மாதங்களை அது கரைக்குப் பின்னால் உள்ள ஈரத்தரையில், நிப்பாப் பனையும் ரும்பியாப் பனையும் அடர்ந்த சதுப்பில், புழுவாகக் கழிக்கிறது. அங்கே அதற்குச் சாப்பாடு சின்னஞ்சிறு நத்தைகள். நத்தைக்கு ஈரமும் நிழலும் வேண்டும். பெரெம்பாங் மரமோ ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில்தான் செழிக்கும். உப்பு ஏறிவிட்டால் தாங்காது. மேலே மலையிலிருந்து நல்ல தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறும். கரையை ஒட்டிச் செம்பனை நட்டுத் தரையைக் காயவிட்டால் நத்தை போகும். இரண்டில் எது நடந்தாலும் மின்மினி போகும். நத்தை போய்விட்டால், கரையில் மரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாலும் போகும்.

படகில் அரை மணி நேரம் உட்கார்ந்து வருகிறவருக்கு இந்தச் சங்கிலி தெரியாது. செரண்டாவில் ஓடை ஓரத்து மண்ணை வழித்தெடுத்தால் கோல சிலாங்கூரில் ஒரு வெளிச்சம் மங்கக்கூடும் என்பதை உணர, வெளியே நின்று பல காலம் பார்த்த கண் வேண்டும். அந்தக் கண் நம் தோட்டத்து மக்களிடம் இருந்தது. அது நம் கண்முன்னே கைவிட்டுப் போகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பால் எடுக்க ஏன் விடியுமுன் மரம் வெட்டினார்கள்? வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பார்கள். வெயிலில் இலைகள் நீரை ஆவியாக விட, பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று தாவரவியல் அதையே சொல்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் இலை கொட்டி மரம் மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். அப்போது பால் குறையும், சம்பளமும் குறையும். வெயில் காலத்தில் ரப்பர்க் கொட்டை ‘படார்’ என்று வெடித்துத் தெறிக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று வானத்தைப் பார்த்தே இன்று மரம் நனையுமா, வெட்டு உண்டா என்று சொன்ன அம்மாக்கள் இருந்தார்கள். அரைநாள் கூலி அந்தக் கணிப்பில் இருந்தது. யாரும் இதை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து யாரும் எழுதி வாங்கவும் இல்லை.

செம்பனைக் கதை இன்னும் அழுத்தமானது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் பக்கத்தில்தான், கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல் நடப்பட்டது. மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் உறவுகள் கூட வரவில்லை. பல தோட்டங்களில் பூ பூத்தும் பழம் சரியாகப் பிடிக்கவில்லை. செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்று என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அப்படியானால் காற்றுக்கு உதவி செய்வோம் என்று பெண்களை அனுப்பினார்கள். ஆண்பூவை வெட்டி எடுத்து, மகரந்தத்தை உதிர்த்து, வெள்ளை மாவுத்தூளோடு கலந்து, கைப்பம்பில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊத வேண்டும். முள்ளுக்கு நடுவே, பாம்புக்குப் பயந்துகொண்டு செய்த வேலை. நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் செய்தார்கள்.

கேமரூனில் வேலை பார்த்துவிட்டு சபாவுக்கு வந்த ஒரு தோட்ட அதிகாரிக்கு மட்டும் காற்றுக் கதை ஒத்துவரவில்லை. காற்று நுழையாத ஆப்பிரிக்கக் காட்டுக்குள்ளும் செம்பனை குலை நிறையக் காய்த்ததை அவர் பார்த்திருக்கிறார். அங்கே ஆண்பூக்களில் சின்னக் கூன்வண்டுகள் மொய்த்ததையும் பார்த்திருக்கிறார். சபாவில் அந்த வண்டு இல்லை. வல்லுநர்கள் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. 1970களின் பிற்பகுதியில்தான் ஒரு பூச்சியியலாளர் கேமரூனுக்கு அனுப்பப்பட்டு, வண்டுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று நிரூபித்தார். நாலு மில்லிமீட்டருக்கு மேல் போகாத பூச்சி. ஆண்பூவின் சோம்பு வாசனைக்கு வந்து, அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். பெண்பூவும் விரிந்திருக்கும் நாட்களில் அதே வாசனையை விடுகிறது. ஏமாந்து போய் உட்காரும் வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுத் திரும்புகிறது.

வேறு பயிரைக் கெடுக்குமா என்று நீண்ட சோதனை நடத்திய பிறகு, 1981 பிப்ரவரியில் ஜோகூரில் அந்த வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். சீக்கிரமே தீபகற்பம் முழுக்கப் பரவின. பழம் பிடிப்பு கூடியது, கைப்பம்பு வேலை முடிவுக்கு வந்தது. நாட்டின் பெருந்தொழிலையே தூக்கி நிறுத்திய அந்தக் கண்டுபிடிப்பு, வெளியே நடந்த ஒருவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்ததிலிருந்து பிறந்தது. ஆண்பூவின் வாசனையை ஒவ்வொரு நாளும் முகர்ந்த எத்தனையோ பெண்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். அந்தப் பூவைப் பற்றி அவர்களிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்னென்ன தெரிந்திருக்குமோ என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

பார்க்காமல் செய்த காரியங்களுக்கும் இங்கே சாட்சி உண்டு. 1950களிலும் 60களிலும் செம்பனையில் புழுவைக் கொல்லக் கண்மூடித்தனமாக மருந்து அடித்தார்கள். பைப்புழு குறையவில்லை, பெருகியது. புழுவின் உடலில் முட்டையிட்டு அதைக் கொன்றுவந்த சிறு குளவிகளை மருந்து முதலில் கொன்றுவிட்டதுதான் காரணம். அடிப்பதை நிறுத்திய இடங்களில் புழு தானாகவே அடங்கியது. இன்று செம்பனைத் தோட்டத்து மண்சாலை ஓரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும் செடிகளை அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குளவிக்குத் தேன் கொடுக்க நட்டவை அவை. கம்பத்தில் ஏற்றிவைத்த மரப்பெட்டி கூகைக்கு. நம்மில் பலர் அபசகுனம் என்று விரட்டிய கூகை, ஒரு ஜோடியாகக் குஞ்சுகளோடு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்கிறது. விஷம் தின்ற எலியைப் பிடித்தால் கூகையும் சாகக்கூடும்.

இன்னொரு தொடர்பு, தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படியேறும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அங்குள்ள குகைகளில் தேன் உண்ணும் வௌவால்கள் தங்குகின்றன. 1970களில் ஆய்வாளர்கள் அவற்றின் எச்சத்தை எடுத்து அதிலுள்ள மகரந்தத்தை ஆராய்ந்தார்கள். டுரியானும் பெத்தாயும் அதில் இருந்தன. கடற்கரைச் சதுப்பில் மட்டுமே வளரும், பெரெம்பாங்குக்கு நெருங்கிய உறவான மரத்தின் மகரந்தமும் இருந்தது. அந்த வௌவால் ஒரே இரவில் 35 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடலோரம் போய்த் தேன் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. பெரெம்பாங் பூவும் டுரியான் பூவும் இரவில் விரிபவை. வௌவால் வராவிட்டால் காய் குறையும். முருகன் மலையும் மின்மினிக் கரையும் டுரியான் கடையும் இப்படி ஒரே கயிற்றில் கோத்தவை.

இதையெல்லாம் இப்போது துணைக்கோளும் டிரோனும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது மனிதர்தான்.

செரண்டா, பத்தாங் காலி, ராசா பக்கம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயத்து வாசலில் விளையாடிய பிள்ளையின் பேரன் இன்று அடுக்குமாடியின் நாலாவது மாடியில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறான். பள்ளியில் மகரந்தச் சேர்க்கைக்குப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்குகிறான். வீட்டுக்குப் பத்து நிமிடத் தூரத்தில் உள்ள செம்பனைப் பூவைப் பிரித்து வண்டைப் பார்த்ததில்லை. அவனுக்குக் காட்டக்கூடிய பாட்டி அடுத்த அறையில் இருக்கிறாள். அவள் போன பிறகு, பால்மரம் எப்போது இலை விடும், எந்த மேகத்துக்கு மழை வரும், எந்த ஓடையில் நத்தை இருக்கும் என்று சொல்ல இந்த வட்டாரத்தில் தமிழ் வீடு ஒன்றுகூட இருக்காதோ என்ற பயம் எனக்குப் பெரிது. தோட்டத்தை இழந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தோட்டத்தைப் படித்தறிந்த அறிவை இழப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பெற்றோரே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடிக்கு அழைத்துப் போவதை ஒரு முறை தள்ளிவையுங்கள். பாட்டியையோ தாத்தாவையோ கூட்டிக்கொண்டு காலையில் செரண்டா ஆற்றோரம் நடந்து வாருங்கள். அதே வாரம் இரவில் கம்போங் குவாந்தானில் படகேறுங்கள். படகில் கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள். நடந்த இடத்தில் பார்த்ததை, முதியவர்கள் சொன்னதை, தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளையின் கையாலேயே எழுதவையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.