கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை: வாங்கும் முன் பி12 பாருங்கள்

பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் உள்ளங்கால் எரிய ஆரம்பிக்கும். போர்வைக்கு வெளியே காலை நீட்டிப் பார்ப்பார்கள், ஈரத்துணி சுற்றுவார்கள், சிலர் எழுந்துபோய் வெறும் தரையில் நிற்பார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் “நரம்புக்கு ஒரு மாத்திரை குடுங்க” என்று கேட்டு ஓர் அட்டை வாங்கி வருவதும் பழகிவிட்டது. அந்த மாத்திரை சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்குக் கெடுதல். யாருக்கு எது என்பது கடைக்காரருக்குத் தெரியாது.

எரிச்சல் ஏன் வருகிறது?

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் நரம்புகளும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடும். உடம்பின் மிக நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் தொல்லை கால்விரல்களில் தொடங்கி மேலே ஏறும். எரிச்சல், ஊசி குத்தல், மதமதப்பு எல்லாம் வந்து, கடைசியில் கால் மரத்துப் போகும். செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடப்பார்கள். எரிச்சல் தானாக நின்றுவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம். நரம்பு உணர்விழந்ததாலும் அது நின்றிருக்கலாம்.

மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

சர்க்கரைக்கு முதலில் எழுதப்படும் மாத்திரை பெரும்பாலும் மெட்ஃபார்மின்தான். நல்ல மருந்து. ஆனால், உணவிலுள்ள வைட்டமின் பி12-ஐச் சிறுகுடல் உறிஞ்சுவதை அது குறைக்கிறது. கல்லீரலில் பி12 இருப்பு இருப்பதால் பற்றாக்குறை உடனே வெளியில் தெரியாது, சில ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். மருந்தின் அளவும் சாப்பிடும் காலமும் கூடக் கூட ஆபத்தும் கூடும். பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். கீரையிலும் பருப்பிலும் கிடையாது. எனவே சைவ உணவுக்காரர்களுக்கு இரட்டை நெருக்கடி.

பி12 குறைந்தாலும் இதே மதமதப்பு, இதே எரிச்சல்தான் வரும். எல்லாம் சுகரால் என்று விட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒரு காரணத்தைத் தவறவிடுகிறோம். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு, குறிப்பாக ரத்தசோகையோ நரம்புத் தொல்லையோ இருந்தால், அவ்வப்போது பி12 பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அறிவுறுத்துகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பற்றாக்குறை என்றும், 200 முதல் 300 வரை சந்தேகத்துக்குரியது என்றும் கொள்கிறார்கள். பரிசோதனையை நரம்பு மாத்திரை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்த பிறகு பார்த்தால் ரத்தத்தில் அளவு ஏறியிருக்கும், உண்மை நிலை தெரியாது. பி12 குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ தருவார்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலம்

பல நரம்பு மாத்திரைகளில் இதுவும் சேர்ந்திருக்கும். தினமும் 600 மில்லிகிராம் என 5 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. அதில் எரிச்சலும் வலியும் குறைந்தன. ஆனால், 4 ஆண்டுகள் நீடித்த இன்னோர் ஆய்வில் முதன்மை அளவுகோலில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. வேதனையைச் சிலருக்குத் தணிக்கும், நரம்பை மீட்டுத் தரும் என்று நம்பி இருக்க முடியாது என்பதே என் மதிப்பீடு. அரிதாகச் சிலருக்கு இது சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கிவிடுவதும் உண்டு. பி1-இன் ஒரு வடிவமான பென்ஃபோடியமினும் இப்படித்தான்: குறுகிய கால ஆய்வில் நம்பிக்கை தந்தது, 2 ஆண்டு ஆய்வில் தரவில்லை.

சத்து மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்

அட்டையின் பின்புறத்தைத் திருப்பி, பைரிடாக்சின் என்ற பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். அதுதான் பி6. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை ஏறக்குறைய 2 மில்லிகிராம். 50, 100 என்று உள்ள மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால், எந்த நரம்பைக் காப்பாற்ற வாங்கினோமோ அந்த நரம்பையே பி6 கெடுக்கக்கூடும். அப்போதும் கால் மரத்துப் போகும், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு மாத்திரை சேர்ப்போம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், ஆனால் பி12 குறைவால் வரும் நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கனடாவில் அப்படிப்பட்டவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் சிறுநீரகம் இன்னும் வேகமாகப் பழுதானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கூடின. அந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது.

வைட்டமினால் முடியாதவை

சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாக எந்தச் சத்து மாத்திரையும் இல்லை. வலி தூக்கத்தைக் கெடுத்தால் பிரிகேபலின், டுலோக்ஸெடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை மருத்துவர் தருவார். மரத்த காலை வெந்நீரில் வைக்காதீர்கள். கொப்புளம் கண்ட பிறகுதான் சூடு தெரியவரும். வெயிலில் கொதிக்கும் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதும் அதே ஆபத்துதான்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களையும் காட்டுங்கள். பி12 பரிசோதனை எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள்.